மலைக்கு வைத்த கிட்டி

சின்னக்கானலுக்கு மேலே, பேர் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லாத ஒரு தேயிலை எஸ்டேட்டில், எழுபத்து நான்காம் வருஷத்து மழைக்கு முன்னாலேயே, கூலிக்காரர்கள் குடியிருந்த மேல் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. விரிசலுக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். சுருளிவேலும் அவன் பெண்டாட்டி மாரித்தாயும் விட்டுப் பார்த்தவர்கள். துரை விட்டுப் பார்க்கவில்லை. மழை முடியட்டும், லயத்தை மாற்றுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். துரைமார் யோசிப்பதற்குள் மலை யோசித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் பங்களா வேறு மலையில் இருந்தது.

சுருளிவேலுக்குத் தூக்கம் போய்விட்டது. ஃபாக்டரியில் ஃபிட்டருக்கு உதவியாள் அவன். வயரும் திருப்புளியும் அவன் கைக்குப் படிந்தவை. மாரித்தாய் அம்பாசமுத்திரத்து வயலில் வளர்ந்தவள். அவள் அப்பா கிட்டி வைத்து எலி பிடிப்பவர். கிட்டி என்பது பிளந்த மூங்கிலை விறைப்பாக வளைத்து, நடுவே ஒரு சக்கையைச் செருகி வைக்கிற பொறி. எலி தொட்டால் சக்கை நழுவும், மூங்கில் அடித்துப் பிடிக்கும். எலிக்கு வைப்பதை மலைக்கு வைத்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

வெடித்த மண்ணில் ஒரு முளை அடித்தார்கள். பக்கத்தில் பாறையில் வேர்விட்ட மரத்தில் கிட்டியைக் கட்டி, அதன் இரண்டு வாயிலும் தகரத் துண்டு வைத்து, சக்கையிலிருந்து முளைக்குக் கயிறு இழுத்தார்கள். மண் அசைந்தால் சக்கை நழுவும், தகரமும் தகரமும் ஒட்டும், கரண்டு ஓடும். அங்கிருந்து ஓரமாகக் கீழே வந்த வயரின் முனையில், பங்களாவில் கழற்றிப் போட்ட பழைய கரண்டு மணி ஒன்று லயத்தின் கோடியில், குழாயடிக் கம்பத்தில் தொங்கியது. அதன் அடியில் ஒரு தகரப்பெட்டிக்குள் மூன்று பேட்டரிக்கட்டை. மணி அடித்தால் எல்லாரும் ஓடிப் போய் நிற்க, கிழக்கே ஒரு பாறை. பாறை இடுக்கில் ஒரு டின். அதில் வறுத்த கேப்பை மாவு, மறையூர் வெல்லம், மெழுகில் முக்கிய தீப்பெட்டி.

முதல் மழையிலேயே மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். மலை அப்படியே நின்றது. நனைந்த கயிறு சுருங்கிச் சக்கையை இழுத்திருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் கேட்டிருக்கிறேன், மலையையே எலியாக்கினவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கங்காணி ஈஸ்வரமூர்த்தி, ஆள் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் சொல்ல, அரை நாள் கூலி போன ஆத்திரத்திலும் ஜனம் சிரித்தது. மறுநாள் சுருளிவேல் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கம்பி கட்டினான்.

ஆனி மாதம் மறுபடி அடித்தது. அந்தத் தடவை மண் வந்தது. ஆட்டுக்கொட்டிலையும் நாலு வாழையையும் கொண்டுபோனது. ஆட்கள் எல்லாரும் பாறையில் இருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கங்காணிகூட இரவில் படுக்கப்போகுமுன் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். சுருளிவேலுக்குத் தூக்கம் திரும்பி வந்தது. வந்திருக்க வேண்டாம்.

ஆடியில் விடாத மழை. ஜீப் வரவில்லை, கடையில் சாமான் இல்லை. அந்த மழையில் மேல் லயத்துப் பெரியவர் சங்கையா இருமி இருமிச் செத்துப்போனார். மழை விடும் என்று காத்திருந்து, பொழுது சாயும்போதுதான் பாடை கட்டினார்கள். இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். யானை நிற்கிற சோலை வழியாகப் போக வேண்டும். மூட்டம் வேறு, எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. பந்தம் கொளுத்திப் பார்த்தார்கள். மழை அணைத்தது. மறுபடி கொளுத்தினார்கள். மறுபடி அணைத்தது.

சங்கையாவின் மகன் சின்னமுத்து, கட்டை தீர்ந்துபோன டார்ச்சோடு சுருளிவேல் வாசலில் வந்து நின்றான். டார்ச்சை மட்டும் நீட்டினான். கடையில் இல்லாத மூன்று கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று லயத்துக்கே தெரியும்.

சுருளிவேல் தரையைப் பார்த்தான். முடியாது என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். மாரித்தாய்தான் முந்திக்கொண்டாள்.

"எழவு வீட்டுக்கு இல்லைன்னு சொன்ன வீடு வெளங்குமா? கொண்டுபோயிட்டு வந்து போட்டுக்கிடலாம். இத்தனை நாளு பொறுத்த மலை, ஒரு பொழுது பொறுக்காதா?"

மழையில் இறங்கிப் போய் அவளே பெட்டியைத் திறந்தாள். கட்டைகளை முந்தானையில் துடைத்துச் சின்னமுத்து கையில் கொடுத்தாள். ஆம்பிளைகள் எல்லாரும் பாடையோடு போனார்கள். பொம்பிளைகள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று மேல் லயத்துப் பொம்பிளைகள் அத்தனை பேரும் சங்கையா வீட்டில் கூடினார்கள். மாரித்தாய் விளக்குமாற்றோடு போனாள்.

நல்ல கட்டைகள். போகும்போதும் வரும்போதும் வெளிச்சம் குறையவில்லை. திரும்பி வந்து லயத்து மேட்டில் நின்று சின்னமுத்து டார்ச்சை அடித்தபோது எதிரே வெறும் மண் தெரிந்தது. மூட்டத்தில் வழி தப்பிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மணி தொங்கிய கம்பத்தைப் பார்த்த பிறகுதான் அது தங்கள் லயம் என்று புரிந்தது.

விடிய விடியத் தோண்டினார்கள். மாரித்தாயைச் சங்கையா வீட்டு நடையில் எடுத்தார்கள். சுருளிவேல் அவள் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை அவனுக்கு. பாவம், வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மேல் லயத்தில் உயிரோடு இருந்தவள் மூக்கம்மாள் ஒருத்தி. வீடு கழுவத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தவள். சுருளிவேலிடம் வந்து, கேட்காமலே சொன்னாள்.

"மேலே படீர்னு சத்தம் கேட்டுச்சுண்ணே. மணியத்தான் நிமிந்து பாத்தேன். அது சும்மா இருந்துச்சு. சரி, இடிதான்னு நெனச்சு மறுகுடத்தையும் வச்சுப் பிடிச்சேன். அது நெறைஞ்சு வழியுற வரைக்கும் மலை வரலையேண்ணே."

பெட்டி காலியாக இருந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு குடம் நிறைகிற நேரம் என்பது பாறைக்கு ஓடிப் போய், மூச்சு வாங்கி, முடியை முடிந்துகொள்கிற நேரம்.

சுருளிவேல் எழுந்து மேலே போனான். பாறையில் வேர்விட்ட மரம் அப்படியே நின்றது. கிட்டி அடித்திருந்தது. தகரமும் தகரமும் நகம் நுழையாமல் ஒட்டியிருந்தன. ஓரமாகக் கீழே ஓடிய வயர் ஓரிடத்திலும் அறவில்லை. வேலையில் ஒரு குற்றமும் இல்லை.

இறங்கி வந்து, சின்னமுத்து மடியில் கிடந்த டார்ச்சை எடுத்தான். சின்னமுத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று கட்டைகளையும் கழற்றிப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினான்.

மணி அடித்தது.

மண்வெட்டிகள் நின்றன. சின்னமுத்து காதைப் பொத்திக்கொண்டு, "போதும்ணே" என்றான். சுருளிவேல் கழற்றவில்லை. மண் வராமல் தப்பிய கீழ் லயத்துப் பொம்பிளைகள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கிழவிகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கிழக்கே பாறையைப் பார்த்து ஓடினார்கள். மாரித்தாய் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, ஒருத்தர்கூடத் தவறாமல் ஓடினார்கள்.