சோப்புப் போட்ட வில்

மூன்றாம் நாள் ஒத்திகையில் கண்டக்டர் குச்சியை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். பஸ் கண்டக்டர் இல்லை. ஆரோவிலுக்கு வந்திருந்த அறுபது பேர் கொண்ட வெளிநாட்டு வாத்தியக் குழுவைக் கையசைத்து நடத்துகிறவர். கடைசி வரிசையில் மரக்காணம் ஜெயசீலன் வயலினோடு உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நரம்பின் மேல் நடுங்கிவிட்டிருந்தது.

வாசிப்பது முந்நூறு வருஷத்துப் பழைய இசை. அந்தக் காலத்தில் இருபது பேர்தான் வாசிப்பார்களாம், விரலை நடுக்கி ஸ்வரத்தை ஆட்டாமல் கோடு போட்ட மாதிரி இழுப்பார்களாம். இந்தக் காலத்துப் பெரிய குழு அதைத் தொட வேண்டுமென்றால் ஆளையும் குறைக்க வேண்டும், நடுக்கத்தையும் விட வேண்டும். மற்றவர்கள் ஒரே நாளில் விட்டுவிட்டார்கள். மாதா கோவிலில் ஆட்டி ஆட்டிப் பாடுகிறவர்களின் குரலை ஒட்டியே வாசித்து வளர்ந்த ஜெயசீலனுக்குத் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். முக்கால்வாசி அடக்கியிருந்தான். மீதி கால்வாசி கண்டக்டர் காதில் விழுந்து தொலைத்தது.

அன்றே நாற்பது பேரைக் கழித்தார்கள். ஜெயசீலனைக் கழிக்க வழியில்லை. சுனாமி வந்துபோய் ஒரு வருஷம் ஆனதற்கு நடக்கும் கச்சேரி. அலையில் வீடு போன உள்ளூர்க்காரன் ஒருவன் மேடையில் தெரிந்தாக வேண்டும். கண்டக்டர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்க்க நின்ற கிளியனூர் தமிழரசன் சிரிக்கவில்லை.

"ஏம்பா, தப்பா எடுத்துக்காத. நீ ஒக்காந்துக்கலாமாம். வில்லுல மட்டும் சோப்பு தடவிக்கணுமாம்."

"சோப்பா? சத்தமே வராதேப்பா."

"அதுக்குத்தான்."

எழுந்து போயிருக்கலாம். ஆனால் உப்பளத்து வேலையை விட்டுவிட்டு வயலினைத் தூக்கிய நாளிலிருந்து ஊர் பண்ணாத கேலியில்லை. அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றவள் அம்மா லூர்துமேரி. கச்சேரிக்கு வேன் பேசி உப்பளத்து ஆட்களை அழைத்து வருகிறாள். அவர்கள் கண்ணில் ஒருநாளாவது வித்துவானாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை மானத்தைத் தின்றுவிட்டது. குழாயடியில் உட்கார்ந்து, வில்லின் மயிரில் துணி சோப்பைத் தானே தேய்த்தான். அழுதுகொண்டே தேய்த்தான்.

கச்சேரியில் அவன் கை ஒருமுறைகூடப் பிசகவில்லை. மற்ற வில்களோடு ஊமை வில்லும் ஏறி இறங்கியது. கைதட்டல் எழுந்தபோது கண்டக்டர் அவனை மட்டும் தனியாக எழுப்பி நிறுத்தினார். போட்டோ எடுத்தார்கள்.

வெளியே வேனருகில் லூர்துமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எத்தினி பேரு இழுத்தா இன்னா, எம்புள்ள சத்தம் தனியா கேட்டுச்சு. உனக்குக் கேட்டுச்சா, அருக்காணி?"

கேலி பண்ணுவதில் முதல் ஆள் அருக்காணி. "எனக்கு ஒண்ணும் தெரியலியே. இங்க வாசிக்கச் சொல்லு, கேக்கறேன்."

"வாசிடா சீலா. இவ காதுல இன்னா உப்பா அடச்சிருக்கு, பாப்போம்."

"டயர்டா இருக்கும்மா. வீட்டுக்குப் போலாம்."

"ஒரே ஒரு தடவ."

அவளே பெட்டியைத் திறந்து வயலினையும் வில்லையும் அவன் கையில் திணித்தாள். டிரைவர் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தார். எல்லோரும் பேச்சை விட்டு அவனைப் பார்த்தார்கள். ஜெயசீலன் வில்லை நரம்பில் வைத்து நுனிவரை இழுத்தான். யாரோ இருமியது மட்டும் கேட்டது. லூர்துமேரி கண்ணை மூடி, அதற்குள் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தாள்.