மிட்டாய் டப்பாவும் பாதி ஜெபமும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சபைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போன் செய்து, "போதை வஸ்துவும் ஆவிக்குரிய அனுபவமும், ஒரு கிறிஸ்தவப் பார்வை. ரெண்டு பக்கம் போதும். வசனம் நிறைய இருக்கட்டும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூடத் தோன்றாமல்.

எனக்குக் கட்டுரை வராது. 'முதலாவதாக' என்று ஆரம்பிப்பேன். 'இரண்டாவதாக' வருவதற்குள் யாராவது ஒரு ஆள் உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை உட்கார்ந்தது ஒரு போதகர். போதகர்கள் வந்து உட்கார்ந்தால் சுலபத்தில் எழுந்து போவார்களா என்பது சபைக்காரர்களுக்குத் தெரியும்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"அந்தி வானம் ஊதா நிறத்தில் உருகிக்கொண்டிருந்தது. சுவர்கள் மெல்ல மூச்சு விட்டன…"

[வேண்டாம். போதையைப் பற்றி எழுதுகிறவன் போதையிலேயே எழுத வேண்டுமா என்ன?]

"மனித குலம் ஆதிகாலம் தொட்டே பரவசத்தைத் தேடி"

[இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.]

"போதகருக்கு ஒரு பொறாமை இருந்தது."

அப்பாடா. இது நிற்கும். இதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3

போதகருக்கு ஒரு பொறாமை இருந்தது. அவருடைய சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. யாருக்கு என்ன நடந்ததோ அவரவர் மைக்கில் வந்து சொல்லலாம். தையற்காரர் மனைவிக்கு ஜெபிக்கும்போது உடம்பெல்லாம் கரண்ட் பாய்ந்தது போலிருக்கும். பாடகர் குழுவின் தடித்த அண்ணனுக்கு மல்லிகை வாசம் வரும். ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பஸ் நிறுத்தத்திலேயே ஆண்டவரின் குரலைக் கேட்டார். போதகர் ஒவ்வொருவருக்கும் "அல்லேலூயா" சொல்லிவிட்டு உட்காருவார். இவருக்கு ஒன்றுமே நடந்ததில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. உபவாசம் இருந்து பார்த்தார். தலைவலி வந்தது. மொட்டை மாடியில் முழங்கால் போட்டார். சளி பிடித்தது. "ஆண்டவரே, கேக்குறீரா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மின்விசிறி மட்டும் கடகடவென்று பதில் சொல்லும்.

ஆனால் ஒன்று, அவர் நம்பாதவர் அல்ல. நம்பிக்கை இருந்தது. காய்ச்சல்காரன் கஞ்சி குடிக்கிற மாதிரி, ருசி தெரியாமலே விடாமல் குடித்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது எனக்கு அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது.

[இதுவரை எழுதியதை அனுப்பி வைத்திருந்தேன். இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியரிடம் இருந்து போன். "என்ன ஐயா, போதகருக்கே அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க? வாசகர்கள் விசுவாசத்துல இடறிப்போயிடுவாங்க." "அவர் இன்னும் இடறலைங்க, மூணாவது பாகத்துலதான் இருக்காரு." "வசனம் ஒண்ணும் காணோமே?" "வரும்ங்க." வராது.]

4

ஒரு புதன்கிழமை காலை, போதகரின் அறைக்குள் லிப்ட் மெக்கானிக் வந்தான். சபையில் கடைசி வரிசைக்காரன். காணிக்கைப் பை வரும்போது மட்டும் குனிந்து ஷூ லேஸ் கட்டுவான். மற்றபடி தங்கமான பிள்ளை. கூடப் பிறந்த அண்ணனோடு மட்டும் அப்பா இறந்த நாளிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அது சபை முழுக்கத் தெரிந்த விஷயம்.

"ஐயா, நான் ஆண்டவரைப் பார்த்துட்டேன்."

"சந்தோஷம் தம்பி. எப்போ?"

"சனிக்கிழமை, சிநேகிதன் வீட்டுல. காளான் சாப்பிட்டேன்."

"காளானா?"

"சூப்புல போடுறது இல்லைங்க. இது வேற."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்டிக்க வேண்டிய இடம். 'தெளிந்த புத்தியோடு இருப்பா, போலீஸ் பிடித்தால் என்ன ஆகும், உன் மூளை என்ன ஆகும்' என்றெல்லாம் சொல்ல வேண்டிய இடம். வாயில் வந்தது வேறு.

"என்னடா பார்த்தே?"

"சுவரெல்லாம் மூச்சு விட்டுச்சுங்க." [பார்த்தீர்களா, நான் முதலில் எழுதிக் கிழித்தது எங்கே வந்து நிற்கிறது என்று.] "அப்புறம் சுவரே இல்லை, வெளிச்சம்தான். 'மகனே'ன்னு கூப்பிட்டாரு. நான் சோபாவைக் கட்டிப்பிடிச்சு அழுதேன், ஐயா."

"மகனேன்னா? நல்லாக் கேட்டுச்சா?"

"பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாதிரி."

போதகருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷ ஊழியத்தில் ஆண்டவர் இவரை 'டேய்' என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

"வேற என்ன சொன்னாரு?"

"'எல்லாம் சரியா இருக்கு, நீ எதையும் மாத்த வேண்டாம்'னாரு."

"உங்க அண்ணனைப் பத்தி?"

"அவ்வளவு நல்ல நேரத்துல அவன் பேச்சு எதுக்குங்க!"

பிறகு மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல ஆசை. ஆனால் ஒரு சந்தேகம். "அது ஆண்டவர்தானா, காளான் வேலையா? நீங்க சொன்னாக் கேட்டுக்குறேன். நீங்க எத்தனை தடவை பார்த்திருப்பீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். மேசைமேல் ஒரு மிட்டாய் டப்பாவை வைத்தான். "மிச்சம் இதுல இருக்கு. உங்ககிட்ட இருந்தாத்தான் நான் தொட மாட்டேன்."

அவன் போன பிறகு போதகர் டப்பாவைப் பார்த்தபடியே இருந்தார். டப்பாவும் இவரைப் பார்த்தபடியே இருந்தது.

5

இங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் இந்நேரம் யோசித்திருப்பீர்கள், நானும் யோசித்தேன். டப்பா சமையலறைக்குப் போகிறது, மனைவி தெரியாமல் சூப்பில் போடுகிறார், சபைக் கமிட்டி மொத்தமும் குடிக்கிறது, பொருளாளர் மேசைமேல் ஏறி நடனமாடுகிறார். ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். பொருளாளர் பிரமாதமாக ஆடினார்.

கிழித்துப் போட்டேன். போதகரின் மனைவி காய்ந்து சுருண்ட எதையோ முகர்ந்துகூடப் பார்க்காமல் சூப்பில் போடுகிற ஆள் இல்லை. நான் அவரைச் சந்தித்த உடனேயே அது தெரிந்துவிட்டது. நீங்களும் சந்தியுங்கள்.

6

அவர் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணவரின் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த டப்பாவைக் கண்டுபிடித்து, திறந்து, முகர்ந்து, "என்னங்க இது, நனைஞ்ச சாக்ஸ் நாத்தம்?" என்றார். போதகர் எல்லாவற்றையும் சொன்னார்.

"சரி, குப்பையில போடுங்க."

"போடலாம்."

"போடலாம்னா என்ன அர்த்தம்?"

"போடத்தான் போறேன். அதுக்கு முன்னாடி, ஒரு போதகர்ங்கிற முறையில, ஆராய்ச்சிக்காக…"

சிவப்புப் பேனா நின்றது. "தின்னு பார்க்கலாம்னு இருக்கீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாய் சொல்லலை. மூஞ்சி சொல்லுது."

போதகர் நாற்காலியில் சரிந்தார். "அவன் என்கிட்ட வந்து அது ஆண்டவரான்னு கேக்குறான். நாக்குல ருசியே தெரியாதவன்கிட்ட உப்பு சரியா இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது? ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பாங்க. எனக்கு ஒரே ஒரு தடவை தெரிஞ்சாப் போதும்."

மனைவி ஒரு விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க. விடை சரி. வழியே கிடையாது, பக்கத்துல பார்த்து எழுதியிருக்கான். மார்க் போடட்டுமா?"

"விடை சரிதானே?"

"விடை எனக்கே தெரியுமே. அவன் வழி போடுறானான்னு பார்க்கத்தானே பரீட்சை."

[கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்திருக்கலாம். பரவசம் என்பது பக்கத்து இலையில் எட்டிப் பறிப்பதல்ல, நடந்து போய்ச் சேர வேண்டியது என்று ஒரு வரி. பத்திரிகை ஆசிரியருக்கும் பிடித்திருக்கும். ஆனால் போதகர் பதில் சொல்லிவிட்டார்.]

"வழி போட்டுப் போட்டே என் தாள் தீர்ந்துபோச்சும்மா. விடை வரலையே."

மனைவி பேனாவை மூடிவிட்டு அவர் கைமேல் கை வைத்துக்கொண்டார்.

7

வெள்ளிக்கிழமை மத்தியானம். போதகர் தன் அறைக் கதவைத் தாழிட்டார். தின்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எழுதுகிறவன் கதாபாத்திரத்தின் கையைப் பிடித்து இழுத்தால் அதற்குப் பெயர் கதை இல்லை, கமிட்டிக் கூட்டம்.

["ஐயா, போதகர் தின்னாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, அச்சுக்குப் போகணும்." "இருங்க, டப்பாவைத் திறந்துட்டிருக்காரு."]

திறந்தார். ஒரு கோப்பையில் தண்ணீர். மேசைமேல் காகிதக் கைக்குட்டை விரித்து, சுருண்ட காளான்களை அதில் கொட்டினார். ஒன்றை எடுத்தார். அப்போது ஒரு தப்பு நடந்தது. யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய தப்பு இல்லை, சின்னப் பிள்ளையிலிருந்தே பிஸ்கட்டுக்குக்கூட ஜெபம் பண்ணிவிட்டு வாயில் வைத்தவர் மட்டுமே செய்யக்கூடியது.

கண் தானாக மூடியது. நாக்கு தானாக ஆரம்பித்தது.

"ஆண்டவரே, எங்களுக்கு நீர் தந்த இந்த"

அங்கேயே நின்றுவிட்டது.

இந்த எது? ஆகாரமா? ஆண்டவர் தந்ததா? ஆசீர்வதியும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விழுங்குவது? போதகர் கண்ணைத் திறக்கவும் இல்லை, மேலே சொல்லவும் இல்லை. காது மடல் சூடாகியது. கழுத்து வியர்த்தது. சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டபோது பின்னால் அம்மா வந்து நின்றால் இருக்குமே, அதே கூச்சம். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளிச்சம் வரவில்லை, மல்லிகை மணக்கவில்லை, யாரும் மகனே என்று கூப்பிடவில்லை.

ஆயுசு முழுக்க 'கேக்குறீரா, கேக்குறீரா' என்று கெஞ்சியவர், அன்றைக்கு முதல்முதலாக, 'இதை மட்டும் கேக்காம இருந்தா நல்லா இருக்குமே' என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் இல்லாத அறையில் எவனாவது இப்படிக் கூச்சப்படுவானா?

அவருக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. காளான்களைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். ஆமென் சொல்ல மறந்துவிட்டார்.

8

ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும், காளான் உட்பட, சொல்லிவிட்டான். தையற்காரர் மனைவி வாயில் கை வைத்தார். "ஐயா, அது ஆண்டவரா இல்லையா? சொல்லுங்க" என்று முடித்தான்.

போதகர் பிரசங்க மேடையில் டப்பாவை வைத்தார்.

"தம்பி, எனக்கு இதுவரைக்கும் எந்த அனுபவமும் வந்ததில்லை." கீபோர்டு வாசிக்கிற பெண்ணின் கை தவறி ஒரு கட்டையில் விழுந்து, ஒரு தனி ஓசை ஹாலைச் சுற்றி வந்தது. முன்வரிசையில் மனைவி மட்டும் நிமிர்ந்து அவரையே பார்த்தார். "அதனால நானும் இதைத் தின்னப் போனேன். சாப்பாட்டு ஜெபம் பண்ணிட்டேன். பாதியில கூச்சமாப் போச்சு. அவ்வளவுதான் நடந்தது. நீ அவரைப் பார்த்தே. என்னை அவர் பார்த்துட்டாரு."

[கடைசி இரண்டு வாக்கியமும் எனக்கே கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து பாராட்டினார். அதனால் சந்தேகம் கூடிவிட்டது.]

"அப்போ நான் பார்த்தது பொய்யா?"

"தெரியலைடா. ஆனா உன் அண்ணனைப் பத்தி அவர் ஒரு வார்த்தை கேக்கலைன்னே பாரு, அங்கதான் எனக்கு இடிக்குது. எனக்குத் தெரிஞ்ச ஆண்டவர் அதைத்தான் முதல்ல கேப்பாரு."

மெக்கானிக் மைக்கை வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தான். வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டான் என்பது பத்திரிகை ஆசிரியர் கேட்கும் முடிவு. கோபித்துக்கொண்டு, அனுபவம் நிறைய கிடைக்கிற வேறு சபைக்குப் போய்விட்டான் என்பது எனக்குப் பயமாக இருக்கும் முடிவு. வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுவரைதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

இந்தப் பக்கம் போதகர், "ஒரு ஜெபத்தைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன், முடிச்சுடலாம்" என்கிறார். எல்லாரும் தலை குனிகிறார்கள். அவர் கண்ணை மூடுகிறார்.

"ஆண்டவரே, எங்களுக்கு நீர் தந்த இந்த"

இந்த எது? காலி டப்பாவா, வறண்ட வருஷங்களா, வாசலில் லேஸ் கட்டுகிறவனா, அந்தக் கூச்சமா? பல வார்த்தை போட்டுப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. இனி உங்கள் பாடு. சத்தம் வர வேண்டாம், மனதுக்குள் சொன்னால் போதும். சொல்வதற்கு முன்னால், யாரும் கேட்கவில்லை என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளப் பாருங்கள். போதகரால் முடியவில்லை.