வாய் கொப்பளிக்கும் சத்தம்

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகும் விடியற்காலையில் குளியலறையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நம்பாவிட்டால் போங்கள், நான் ஒன்றும் உங்களைக் கெஞ்சப்போவதில்லை. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அவர் பேருந்து ஓட்டுநர். நாளின் முதல் வண்டி அவருடையது. இருட்டு பிரியும் முன்பே எழுந்து, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை வாய் நிறைய வைத்துக்கொண்டு அண்ணாந்து, தொண்டையின் அடியில் ஆரம்பித்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவார். உச்சியில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு பொளிச்சென்று துப்புவார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதுதான் அலாரம். "மோட்டாரை அணைங்க, மனுஷி தூங்க வேண்டாமா" என்று படுக்கையிலிருந்தே கத்துவேன். "மகாராணிக்குப் பள்ளியெழுச்சி பாடுறேன்டி" என்பார். மகளையும் சின்ன வயதில் பக்கத்தில் நிறுத்தி அதே ராகத்தில் கொப்பளிக்கப் பழக்கியவர். வேலை இல்லாத மனுஷன்.

எனக்கும் அவருக்கும் ஒரே சமயத்தில்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்தது. நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பேன். ஒருநாள் வெள்ளை நூல் சிவப்பாக வந்தது. இரண்டு பேருமாக ஈறு டாக்டரிடம் போனோம். ஒரே நாற்காலி, ஒரே டாக்டரம்மா. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் ஒட்டியிருந்த காரையைப் பகுதி பகுதியாகச் சுரண்டி எடுத்தாள். அவருக்குச் சீக்கிரமே ஈறு இறுகி ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கோ தொட்டால் ரத்தம்.

"அவருக்கு மட்டும் நல்ல மருந்தாப் போட்டீங்களோ" என்று கேட்டே விட்டேன்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தாம்மா. அவருக்குச் சக்கரை இல்லை, உங்களுக்கு இருக்கு. சக்கரை ஏறியிருந்தா ஈறு ஆறாது. ஈறு ஆறலைன்னா சக்கரையும் லேசுல இறங்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் புடிக்கணும்" என்றாள்.

வீடு வரும் வழியெல்லாம் அவர் என்னைக் கிண்டல் செய்தபடியே வந்தார். "நாக்குல விஷம், ரத்தத்துல சக்கரை. கடவுள் கணக்காத்தான் கலந்திருக்கான்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்படிப்பட்டவர் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். அசந்து தூங்குகிறார் என்று யாரும் எழுப்பவில்லை. முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருந்தவர் போய்ச் சேர்ந்தார். பாதிப் பல் ஆடுகிற நான் உட்கார்ந்திருக்கிறேன். என்ன நியாயம் இது?

வைத்தியத்தை அப்படியே விட்டுவிட்டேன். யாருக்காகப் பல் தேய்ப்பது என்றிருந்தது. அப்போதுதான் ஒரு விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேலே ஏறி, உச்சியில் நின்று, பொளிச். எழுந்து போனேன். குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. கதவைத் தள்ளக் கை போனது, ஆனால் தள்ளவில்லை. திறந்தால் போய்விடுவார் என்று யாரோ காதில் சொன்னதுபோல் இருந்தது. திரும்பிப் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "மோட்டாரை அணைங்க" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பயம்தான். ஆனால் அவர் போன பிறகு நான் சந்தோஷமாக இருந்ததும் அன்றைக்குத்தான்.

மகளிடம் சொல்லவில்லை. இடி விழுந்தாலும் எட்டு மணிக்கு முன் எழாதவள் என்று அப்பன் அவளுக்குக் கொட்டாவி என்றே பெயர் வைத்திருந்தார். சொன்னால் என்னை மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். அவளே பாவம், அப்பா போனதிலிருந்து துரும்பாக இளைத்திருந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அழுது வற்றிய உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று நினைத்தேன்.

என் கன்னம் ஒருநாள் இட்லிப்பானை மாதிரி வீங்க, அவள்தான் மறுபடி ஈறு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மறுபடி சுரண்டல், சர்க்கரைக்கு மாத்திரை, வாய்க்கு ஒரு மருந்து பாட்டில். "இதைக் கொப்பளிக்காதீங்க. வாயில வச்சு மெல்ல அசைச்சுத் துப்புங்க" என்றாள் டாக்டரம்மா. பாட்டில் நான் நினைத்ததைவிட வேகமாகக் குறைந்தது. உயிரோடு இருந்தபோதும் என் சீப்பு, என் துண்டு என்று என் பொருளைத்தானே எடுப்பார், இப்போது மட்டும் திருந்திவிடுவாரா என்று சிரித்துக்கொண்டேன்.

ஈறு இறுகியது. சர்க்கரையும் இறங்கியது. டாக்டரம்மா என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். ஆனால் விடியற்காலைச் சத்தம் நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன், ஒன்றுமில்லை. இரண்டாம் தடவையாகத் தாலி அறுத்தவள் மாதிரி ஆனேன்.

பிறகுதான் எனக்கு அறிவு வேலை செய்தது, அல்லது கெட்டது. சர்க்கரை ஏறி, வாய் புண்ணாகக் கிடந்தபோதுதான் வந்தார். குணமானதும் போய்விட்டார். சீக்காளிப் பெண்டாட்டிக்குக் காவல் வந்த மனுஷன், இனி எதற்கு வருவார்? சரி, அப்படியானால் சீக்காளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். மாத்திரையை விழுங்குவதுபோல் விழுங்கி, மகள் நகர்ந்ததும் துப்பினேன். சமையலறையில் சர்க்கரையை வெறும் வாயில் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டேன். தித்திப்பு தொண்டையை அடைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவேன் என்று சொல்லவும் முடியாது, கடிக்கப் பல் நிற்கவில்லை.

வந்துவிட்டார். அதே ஏற்றம், அதே நிறுத்தம். போர்வைக்குள் அழுதேன்.

முன்பல் ஆட ஆரம்பித்தது. நூலைக் கடிக்க முடியவில்லை. டாக்டரம்மா என் வாயைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். "போன தடவை நல்லா இருந்துச்சே. என்னம்மா பண்றீங்க? இப்படியே போனா பல்லோட நிக்காது, கண்ணு, கிட்னின்னு ஒவ்வொண்ணா புடிக்கும்" என்றாள். நான் வாயைத் திறந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனால் அவரிடம்தானே போகிறேன், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே அறுந்தது. குவளை உருண்டது. கனமாக ஏதோ விழுந்தது. அவர் ஒருநாளும் பாதியில் நிறுத்தியவரில்லை. பயமெல்லாம் எங்கே போனதோ, "என்னங்க" என்று ஓடிக் கதவைத் தள்ளினேன்.

ஈரத்தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. தொட்டி முழுக்கச் சிவப்பு. அவள் பல் இடுக்கெல்லாம் சிவப்பு. என் வாயைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லைம்மா. தலை சுத்திருச்சு."

"எத்தனை நாளா?"

"அப்பா போனதுலேர்ந்தே. நடுவுல உன் மருந்தைத் திருடி ஊத்திக்கிட்டேன், ரத்தம் நின்னுருந்துச்சு. அப்புறம் பாட்டிலைக் காணோம். அதான் மறுபடி அப்பா மாதிரியே உப்புத்தண்ணி."

"டாக்டர்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "உன் சக்கரை மெஷின்ல விரலைக் குத்திப் பாத்தேன். உன்னைவிட எனக்கு ஜாஸ்தி. நீயே அப்பாவை நெனச்சு உருகிட்டு இருக்கே, இதையும் எப்படிச் சொல்றது? நீ எழுந்துக்கறதுக்குள்ள கழுவிட்டுப் போய்ப் படுத்துக்குவேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் தலையை என் மடிக்கு இழுத்தேன். உடம்பு எலும்பாக இருந்தது. அப்பன் வைத்த மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"மறைக்கத்தான் பாத்தேன். ஆனாலும் ஒருநாளாவது நீ வந்து கதவைத் தட்டுவேன்னு இருந்துச்சும்மா" என்றாள். "அவ்ளோ சத்தம் போட்டேனே. உனக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சுடி" என்றேன். "தினமும் கேட்டுச்சு. நிக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் படுத்திருந்தேன்."