ஞாயிற்றுக்கிழமை ஓடாத மெஷின்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி ஒன்றே கால். தையலக்கா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்காரக்கூட இல்லை, அழைப்பு மணி அடித்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார்.

சபைப் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, நின்றிருந்தார். இரண்டு கையிலும் துணிப்பைகள். மூச்சு வாங்கியது.

"கடை லீவும்மா," என்றார் கணவர்.

"எனக்குக் கடை வேணாம், அக்காதான் வேணும்."

அந்த வீட்டில் முன் அறைதான் கடை. மெஷின் மேல் பழைய போர்வை கிடந்தது. பாஸ்டரம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல மேஜை மேல் பைகளைக் கவிழ்த்தார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர்களாக வரும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்கள் சரிந்தன. போன வாரம்தான் தையலக்கா தைத்துக் கொடுத்தவை.

"ஆராதனை முடிஞ்சு போட்டுப் பாத்தோம். முட்டிக்கு மேல நிக்குது. ஒருத்திக்கும் இறங்கல."

"அளவு கவுனு நீங்க குடுத்ததுதானே?"

"போன வருஷக் கவுனக் குடுத்தேன். பிள்ளைங்க வளந்திருக்கும்னு தோணவே இல்லக்கா."

தையலக்கா கவுன்களைப் பார்த்தாள். அளவுக் கவுனை வாங்கியபோது அவளுக்கும்தான் அது தோன்றவில்லை.

"ஆறு மணிக்கு நாடகம். கீழ ஒரு சாண் துணி வச்சு ஒரு ஓட்டு ஓட்டிட்டா போதும்."

"இன்னிக்கு மெஷின் ஓடாது பாஸ்டரம்மா."

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி விடிய விடியத் தைத்துவிட்டு, காலையில் அப்படியே கோயிலுக்குப் போனாள். முதல் பாட்டு காதில் விழுந்தது. அடுத்துக் காதில் விழுந்தது நாற்காலிகளை மடக்கும் சத்தம். அன்று வீட்டுக்கு வந்து ஜெபத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: இனி ஞாயிறு என் கை உமக்கு, மெஷினுக்கு இல்லை. மற்ற மாதங்களில் அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. டிசம்பரில்தான் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது வந்து கதவைத் தட்டினார்கள்.

"ஓய்வுநாள்ல மாடு குழியில விழுந்தா தூக்க மாட்டீங்களான்னு இயேசுவே கேக்கலியா?" என்றார் பாஸ்டரம்மா.

"மாடுன்னா தூக்கலாம். இது கவுனு."

"கர்த்தருக்குச் செய்யிறதுதானே அக்கா. இது வேலைக் கணக்குல வராது."

"போன வருஷமும் கர்த்தருக்குத்தான் தச்சேன். அவரு பொறந்த நாளன்னைக்கு அவரு முன்னாடியே உக்காந்து குறட்டை விட்டேன்."

கணவர் சிரித்துவிட்டார். "இந்த மாசம் முதல் ஞாயிறே பாஸ்டர் இதத்தானேம்மா பிரசங்கம் பண்ணாரு? பண்டிகை மாசத்துலதான் ஓய்வு வேணும்னு. வீட்டுக்காரங்களே கேக்கலன்னா எப்படி?"

"நான் எங்க கேட்டேன்? பின் அறையில றெக்கை ஒட்டிக்கிட்டிருந்தேன்." பாஸ்டரம்மாவும் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. "இந்த மாசம் ஒரு பிரசங்கமும் முழுசா கேக்கலண்ணா."

கணவர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

தையலக்கா ஒரு கவுனை எடுத்து விளிம்பைத் தடவினாள். அவளுடைய தையல்தான், நேராக இருந்தது. இப்படியே மேடை ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தையலக்காவுக்குக் கண் போச்சு, அளவு தெரியாமல் தைக்கிறாள். நல்ல பேர் வாங்க எத்தனை வருஷம் ஆனது, கெட ஒரு சாயங்காலம் போதும். பீரோவில் வெள்ளைத் துணி இருந்தது. உட்கார்ந்தால் நாலு மணிக்குள் முடித்துவிடலாம்.

கவுனைக் கீழே வைத்தாள்.

"முடியாது பாஸ்டரம்மா. மன்னிச்சிருங்க."

"அப்ப ஊசி நூல் குடுங்க. நானே கையால போடுறேன்."

"முதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டு வரேன்."

அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீரோடு திரும்பியபோது பாஸ்டரம்மா நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. மடியில் ஒரு கவுன்.

தையலக்கா டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இப்போது கேட்பார் யாருமில்லை, வற்புறுத்துவார் யாருமில்லை. மெஷின் ஓடினால் இவர் விழித்துக்கொள்வார். கையால் தைத்தால் சத்தம் வராது. அவள் கை தானாகவே ஊசி டப்பா வரை போனது.

"என்ன, கை அரிக்குதா?" கணவர் கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். உன்னாலதான் முடியல."

அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை, விளிம்பும் மடிப்பும்தான் வந்தன. அவை வருவதும் போவதுமாக இருந்தன. அவள் எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்து எதிரே மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வேலையும் செய்யாமல் இன்னொரு மனுஷியின் பக்கத்தில் கடைசியாக எப்போது உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில் இல்லை.

பாஸ்டரம்மா கழற்றி வைத்திருந்த கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பாஸ்டரம்மா அசையவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. தையலக்கா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க இருக்க? கவுன் ஆயிருச்சா?" பாஸ்டரின் குரல். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் தையலக்கா பேசுறேன் பாஸ்டர். அம்மா தூங்குறாங்க."

"தூங்குறாளா? இந்த நேரத்துலயா? நாடகத்துக்கு நேரம் ஆகுதே, எழுப்புங்கக்கா."

அவள் திரும்பி அறையைப் பார்த்தாள்.

"கவுனு அப்படியேதான் இருக்கு, நான் தைக்கல. ஊரு கேட்டா தையலக்கா தப்புன்னு சொல்லிருங்க. ஆனா எழுப்ப மட்டும் சொல்லாதீங்க பாஸ்டர். இவங்க கடைசியா எப்ப தூங்குனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"