அலமாரிக்குள் வைத்த இரத்தம்

எங்கள் ஆய்வகத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் முதலில் வெளியேறுவது எங்கள் மதியச் சாப்பாடு. இரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்கள் இருக்கும் குளிர்பெட்டியில் மேல்தட்டு எங்களுடையது. கீழ்த்தட்டுகள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவர்களுடையவை. அப்படி வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வைப்போம்.

இரண்டாவதாக வெளியேறுவது பாக்கி. கெடு தாண்டியும் சோதிக்காத குழாய்கள் கண்காணிப்புக் குழுவின் கண்ணில் பட்டால் ஆய்வகத்தின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, கண்ணாடிச் சாமான்களைச் சூடுகாட்டும் அறையில் இருக்கும் அலமாரியில் பூட்டிவிடுவோம். வருகிறவர் காலையில் வருவார், நாலு கேள்வி கேட்பார், சாயங்காலம் போய்விடுவார். பெட்டி திரும்பக் குளிருக்கு வந்துவிடும். விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில்லையா, அதே புத்திதான்.

இந்தத் தடவை பெட்டியைத் தூக்கியது நான். அடுக்கும்போது ஒரு குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் மகள் போகும் பள்ளி பஸ்ஸின் ஓட்டுநர் பெயர் அது.

அவரை என் மகள் "பஸ் மாமா" என்றுதான் சொல்வாள். போன வாரம் பஸ் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் இடித்து நின்றது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு, என் மகளுக்கு நெற்றியில் தையல். குறுக்கே நாய் வந்தது என்றார் அவர். வாயில் வாடை அடித்தது என்றாள் ஒரு பிள்ளையின் அம்மா. பள்ளி வாசலில் பெற்றோர் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது, அதிகப்பிரசங்கி நான் நடுவில் போய் நின்று, "எதுக்கு வீண் சண்டை? ரத்தம் பொய் சொல்லாது, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருந்தேன். தெரிந்தவர் குழாயை நான் சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அதையும் பெட்டியில் வைத்து அலமாரியை மூடினேன்.

மறுநாள் வந்த ஆய்வாளர் அம்மாள் சன்னமான குரல்காரி. அந்தக் குரலைக் கேட்டே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம். இவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூடியையும் திருகிப் பார்த்தார். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, "நிறைய இருக்கு. நாளைக்கும் வரேன்" என்றார். தன் காகிதங்களை அப்படியே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லி, தான் உட்கார்ந்திருந்த அறைக்கு அவரே பூட்டும் போட்டார். அந்த அறையைத் தாண்டித்தான் சூட்டறைக்குப் போக முடியும்.

பெரிய சார் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் அவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். "ஒரு நாள்தானேம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார்.

ஒன்றும் ஆகாதா? இரத்தம் கெட ஆரம்பித்தால் தானாகவே சாராயம் காய்ச்சும். மாவு புளிப்பதுபோலத்தான். அதைத் தடுக்கக் குழாய்க்குள் ஒரு வெள்ளைப் பொடி இருக்க வேண்டும். சின்ன மருத்துவமனைகள் பொடி இல்லாத சாதாரணக் குழாயில் எடுத்து அனுப்பிவிடும். அவற்றுக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டும் என்பதால் நாங்களும் அவற்றைத்தான் கடைசிக்குத் தள்ளுவோம். ஆக, பாக்கிப் பெட்டி முழுக்கப் பொடியில்லாக் குழாய்கள். அவற்றுக்குக் குளிர் ஒன்றுதான் காவல், அந்தக் குளிரைத்தான் நான் என் கையாலேயே பறித்திருந்தேன்.

அந்த இரண்டு ராத்திரியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தூங்கும்போது அவள் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆய்வாளர் அம்மாள் பெரிய சாருடன் பேச அவர் அறைக்குப் போனார், தான் பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்தே விட்டு. நான் சூட்டறைக்கு ஓடினேன். அலமாரிக் கதவைத் தொட்டேன். கதவு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே பெட்டியும் அப்படியே.

பெட்டியின் ஓரத்தில் என் குழாயும் இருந்தது. மது அளக்கும் இயந்திரம் ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்க்க மதுவே இல்லாத இரத்தம் வேண்டும். எங்களில் ஒருவர் மாதாமாதம் கொடுப்போம். இந்த மாதம் என் முறை, அதுவும் சாதாரணக் குழாய்தான். எடுத்த அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருந்தோம், சுத்தம். அவசரத்தில் அதையும் பெட்டியில் அடுக்கியிருந்தேன். இப்போது அதைத் திரும்ப இயந்திரத்தில் வைத்தேன். நான் ஜன்மத்தில் குடித்தவளில்லை.

திரையில் கோடு தரையோடு தரையாக வந்து, மது தெரிய வேண்டிய இடத்தில் சரேலென்று எழுந்து நின்றது. வண்டி ஓட்டியிருந்தால் என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள், அந்த அளவு.

பெரிய சாரை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினேன். கோடு அதே இடத்தில் நின்றது.

"சரி. பெட்டியைக் குளிர்ல வை. அந்தம்மா கையெழுத்துப் போடப் போகுது. வாயைத் திறக்காதே."

"சார், அதுல இருக்கிற ஆளுங்க?"

"குடிச்சிட்டுத்தான்மா பிடிபட்டிருப்பாங்க. சும்மா ஒருத்தனைப் பிடிப்பாங்களா?"

"இதோ நான் குடிக்காமலே பிடிபட்டிருக்கேனே சார்!"

"மெதுவா பேசு!" அவர் தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "உரிமம் போச்சுன்னா உனக்கு வேலை இருக்கா? எனக்கு ஓய்வூதியம் இருக்கா? பெட்டியைத் தூக்கிட்டுப் போனது யாரு, நானா? நீதானே?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவது? நான் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தேன். பஸ் மாமாவின் குழாய் என் விரலை ஒட்டி இருந்தது. நாளைக்கு அதை இன்னொருவர் ஓட்டுவார், கோடு எழும்பும், அந்த மனுஷன் சிறைக்குப் போவார். ரத்தம் பொய் சொல்லாது என்று சொன்ன வாய் என்னுடையது.

ஆய்வாளர் அம்மாள் பேனாவைத் திறந்துவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். "வழக்கமா கேக்கிறதுதான். நான் பாக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

பெரிய சார் சிரித்தார். "எல்லாத்தையும்தான் பாத்துட்டீங்களே மேடம்."

நான் இயந்திரத்தின் பக்கம் போனேன். என் குழாயைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"இது என் ரத்தம் மேடம். நான் குடிச்சிருக்கேன்னு மெஷின் சொல்லுது. நான் குடிக்கிறதில்லை."

அவர் எழுந்து வந்து, முகத்துக்கு நேராகக் குனிந்து என் மூச்சை முகர்ந்தார். அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைத்தேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் "நான் குடிக்கலை" என்று கெஞ்சியதாகக் காவலர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"கையை நீட்டுங்க" என்றார்.

அவர் முன்னாலேயே புது இரத்தம் எடுத்தார்கள். அதை இயந்திரத்தில் வைத்துவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் துடைத்து, பராமரித்து, சோறு ஊட்டாத குறையாக வளர்த்த இயந்திரம். அது என்னை நம்ப வேண்டுமே என்று அதையே கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கோடு கடைசிவரை எழும்பவில்லை.

"அப்போ அந்தப் பழைய குழாய் எங்கே இருந்துச்சு?" என்றார் ஆய்வாளர் அம்மாள், அதே சன்னக் குரலில். எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலமே ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது. போகும்முன் நான் ஆய்வாளர் அம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மேடம், பெட்டியில இருக்கிறதுல யாரு நிஜமாவே குடிச்சாங்க, யாரு குடிக்கலைன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாதா?"

"நீங்க இதே வேலைதானே பாக்கிறீங்க? நீங்களே சொல்லுங்க."

முடியாது. புளித்த மாவைப் புளிக்காத மாவாக யாராலும் ஆக்க முடியாது. பெட்டியில் இருந்த எல்லோர் மேலும் இருந்த வழக்குகளை ரத்து செய்தார்கள்.

பஸ் மாமா திரும்ப வேலைக்கு வந்த காலையில் நான்தான் மகளைக் கொண்டுபோய் நிறுத்தத்தில் விட்டேன். பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அவர் முகம் இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் கூப்பினார்.

"நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு சொன்னாங்கம்மா. அன்னைக்கே சொன்னீங்களே, ரத்தம் பொய் சொல்லாதுன்னு."

மகள் படியேறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெற்றித் தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நான் ஒரு படி ஏறி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, என் பிள்ளை மேல சத்தியமா சொல்லுங்க. அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா?"

அவர் கூப்பிய கை இறங்கியது. "நீங்களுமா கேக்கறீங்க?" என்றார். கண்ணில் நீர் திரண்டது. குடிக்காதவனுக்கும் அப்படித் திரளும். பொய் சொல்கிறவனுக்கும் திரளும். வாயிலிருந்து புதினா மிட்டாய் வாசம் வந்தது. மிட்டாயை யார் வேண்டுமானாலும்தான் சாப்பிடுகிறார்கள்.

பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. நான் இறங்கவில்லை. மேலே ஏறிப்போய், அவர் இருக்கைக்கு நேர்பின்னால், ஒரு குட்டிப் பையனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

"அம்மா, எறங்கும்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் மகள் வெட்கத்தோடு.

"ஓட்டுங்கண்ணே" என்றேன்.