பதினோராவது திருத்தம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அண்ணனின் விரல்களில் கிறிஸ்ரினா செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் அவனுடைய லப்டொப் மறுபடியும் சத்தமிட்டது. காலையிலிருந்து ஏழாவது தடவை.

"போய்ப் பார் பிள்ளை," என்றாள் தாய் செபஸ்தியம்மா. "வேலை ஆக்களுக்கு விசயம் தெரியாதுதானே."

அண்ணன் றெக்ஷன் முந்தின நாள் விடிய, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். முப்பத்தெட்டு வயது. சுருவில் கிராமத்தில் இந்த வீட்டில் இருந்தபடியே ஒரு கணினி இயங்குதளத்தின் கேர்னலில், அதாவது அதன் அடிப்பகுதியில், வேலை செய்தவன். கோப்புகளைச் சேமிக்கும் பகுதிக்கு உலகெங்குமிருந்து வரும் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, ஒரே தொகுப்பாக மேலே அனுப்புவான். அங்கிருந்து அவை கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போகும். கடற்றொழில் செய்யும் தகப்பன் கிறிஸ்தோப்பருக்கு, மகன் செய்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை.

போலந்திலிருந்து அக்னெஸ் எழுதியிருந்தாள். றெக்ஷனின் தொகுப்பை ஏற்பவள் அவள்தான். 'நீங்கள் அனுப்பிய இருபத்துமூன்று திருத்தங்களும் வந்துவிட்டன. மாற்றம் ஏதும் உண்டா? பதில் இல்லையென்றால் உங்கள் நேரம் மூன்றரைக்கு அப்படியே சேர்த்துவிடுவேன்.'

மணி இரண்டு நாற்பது. மூன்று மணிக்குப் பெட்டி எடுப்பதாக இருந்தது.

கிறிஸ்ரினா 'திருத்தங்கள்' என்ற சொல்லை மறுபடி வாசித்தாள். "பதினோராவதை எடுத்துவிடு கிறிஸ்ரி, அது போகக்கூடாது," என்று ஆஸ்பத்திரியில் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னான். காய்ச்சலில் பிதற்றுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்துக் கட்டிலின் இலக்கம் பதினொன்று என்பதால், அதைத் தள்ளிவைக்க ஏலுமோ என்று தாதியிடம் கேட்டாள் செபஸ்தியம்மா. கிறிஸ்ரினா, "ஓம் அண்ணா, எடுக்கிறன்," என்று நெற்றியைத் துடைத்துவிட்டதோடு சரி.

அக்னெஸுக்கு எழுதினாள்: 'நான் றெக்ஷனின் தங்கை. அண்ணா நேற்று இறந்துவிட்டார். பதினோராவது திருத்தம் போகக்கூடாது என்று சொன்னார்.'

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் அனுதாபம். பிறகு, 'மேலிருந்தா கீழிருந்தா பதினொன்று? தவறானதை எடுத்தால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் உடையும்.'

அவளுக்குத் தெரியவில்லை. பட்டியலில் இருபத்துமூன்று வரிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. வாசலில் கிறிஸ்தோப்பர் வந்து நின்றார்.

"பிள்ளை, செபம் சொல்லச் சுவாமி வந்திட்டார்."

"அஞ்சு நிமிசம் அப்பா."

"கொண்ணனைப் பெட்டியிலை வைச்சுக்கொண்டு என்ன அஞ்சு நிமிசம்?"

"அண்ணா தந்த வேலை அப்பா. பிழைச்சால் எங்கையோ இருக்கிற ஆக்கள் சேமிச்சு வைச்சதெல்லாம் அழிஞ்சு போகும்."

அவர் லப்டொப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திரும்பிப் போனார். முன்னறையில் அவர் குரல் கேட்டது. "சுவாமி, மகள் வாறாள். கொஞ்சம் பொறுங்கோ."

அனுப்பாமல் விட்ட கடிதங்களைத் திறந்தாள். காய்ச்சல் தொடங்கிய மாலையில், ஒரு திருத்தத்தை அனுப்பியவருக்கு அண்ணன் எழுதத் தொடங்கியது ஒன்று கிடந்தது. 'உமது திருத்தம் பெரும்பாலும் சரி. ஆனால் மின்சாரம் திடீரென நின்றால் கடைசியாக எழுதியது அழிந்துவிடும். முதல் வாசிப்பில் நானும் கவனிக்கவில்லை, பிழை என்னுடையதும்தான். நாளைக்கு இருவருமாகச் சேர்ந்து' என்பதோடு கடிதம் நின்றிருந்தது.

கடிதத்தின் தலைப்பில் இருந்த திருத்தத்தின் பெயரைப் பட்டியலில் தேடினாள். மேலிருந்து பன்னிரண்டாவது. கணினி வேலைக்காரரின் வழக்கப்படி அண்ணன் எதையும் பூச்சியத்திலிருந்துதான் எண்ணுவான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூச்சியத்திலிருந்து எண்ணினாள். பதினொன்று.

திருத்தத்தின் பெயரோடு அந்த அரைக் கடிதத்தையும் அப்படியே அக்னெஸுக்கு அனுப்பினாள். மணி மூன்று பன்னிரண்டு. முன்னறையில் யாரோ இருமினார்கள். திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

'கண்டேன். எடுத்துவிட்டேன். மற்ற இருபத்திரண்டும் அவர் பெயரிலேயே போகும்.'

செபம் முடிந்து பெட்டியைத் தூக்கியபோது கிறிஸ்தோப்பர் அவள் பக்கத்தில் வந்தார்.

"அவன் பிழை விட்டவனோ?"

"எல்லாரும் விட்ட பிழை அப்பா. அண்ணாதான் கண்டுபிடிச்சவர்."

அவர் தலையை ஆட்டினார். முற்றத்தில் வந்தவர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் ஒரு சோடிக்குள் காலை நுழைத்துப் பார்த்தார். அது அவருடையது அல்ல. இன்னொன்றையும் பார்த்தார். கிறிஸ்ரினா குனிந்து, தேய்ந்த நீலச் செருப்புகளைத் தேடி எடுத்து அவர் காலடியில் வைத்தாள். அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகப் போட்டுக்கொண்டார்.