காற்றை எதிர்த்து ஓடி வருபவன்

டிகானா பந்தைப் போட்டுவிட்டு நிமிரவில்லை. இடது விலாவைக் கையால் பிடித்தபடி பிட்ச் நடுவிலேயே குனிந்து நின்றான்.

வலது கை பவுலருக்கு இடது விலாவில்தான் அடிபடும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பந்தை வீசுவது வலது கைதான். ஆனால் அந்தக் கையை உச்சியிலிருந்து இழுத்துக் கொண்டுவருவது உடம்பின் இடது பக்கம். முதலில் இடது கை மேலே போகும், பிறகு இடுப்பை நோக்கி வேகமாக இறங்கும், அது இறங்கும் வேகத்தில் வலது கை மேலே வரும். கிணற்று ராட்டினத்தில் ஒரு பக்கக் கயிறு இறங்கினால் மறுபக்கம் ஏறுவதைப் போல. விலா எலும்புகளின் மேல் படர்ந்திருக்கும் தசை அந்த இழுப்பில் கிழிந்துவிட்டால் கட்டுப் போட்டும் பயனில்லை, ஊசி போட்டும் பயனில்லை. வாரக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும்.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை இறுதிப் போட்டி. அதில் ஜெயிக்கிற நாடு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போகும். நான் பப்புவா நியூ கினி டீமின் பவுலிங் கோச். அந்தப் பந்துக்குப் பிறகு டிகானா நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும், வேறு ஆளைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் பின்னால் மரத்தடியில் மூன்று பேர் உட்கார்ந்தோம். தலைமைக் கோச் ராஸ், கேப்டன் மராகா, நான். ராஸ் ஆஸ்திரேலியாக்காரர், எங்களோடு இரண்டு வருடமாக இருக்கிறார், வெற்றிலைக்காம்பைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு மெல்லவும் பழகிவிட்டார்.

"வியாழன் சாயங்காலத்துக்குள்ள போட்டிக் குழுவுக்குப் பேர் கொடுக்கணும். ஒரு தடவை டிகானா பேரை எடுத்துட்டா திரும்பச் சேர்க்க முடியாது. அதனால அவசரப்படாம பேசுவோம்," என்றார் ராஸ். அடுத்த நொடியே, "லே நகரத்துல இருந்து ஜெத்ரோவைக் கூப்பிடலாம். நாட்டுலயே வேகமான ஆளு," என்றார்.

"அவசரப்படாம பேசுவோம்னு சொன்ன வாய் இன்னும் மூடலையே," என்றான் மராகா.

"வேற என்னப்பா யோசிக்க இருக்கு?"

"ஜெத்ரோ எந்தப் பக்கத்துல இருந்து போடுவான்?" என்று நான் கேட்டேன்.

வறண்ட மாதங்களில் போர்ட் மோர்ஸ்பியில் மதியம் ஆனதும் தென்கிழக்கிலிருந்து காற்று பிடித்துக்கொள்ளும். லவுராபாடா என்று எங்கள் மோட்டு மொழியில் பெயர். தொப்பியைத் தூக்கிப் போடுகிற காற்று. மைதானத்தின் ஒரு முனையிலிருந்து ஓடி வருகிற பவுலருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். மறுமுனைக்காரனுக்கு நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். ஒரு ஓவர் இந்த முனையிலிருந்து என்றால் அடுத்தது அந்த முனையிலிருந்துதான் போட வேண்டும். ஆகவே யாராவது ஒருவன் காற்றை எதிர்த்து ஓடி வந்தே தீர வேண்டும்.

அதில் இரண்டு கஷ்டங்கள். ஒன்று, மூச்சு வாங்கும், கால் தளரும், வேகம் குறையும். இரண்டாவதுதான் பெரியது. அந்த முனையில் போடும் பந்தை பேட்ஸ்மேன் நேராகத் தூக்கி அடித்தால் காற்று அவனுக்குச் சாதகம். மறுமுனையில் எல்லைக்கோட்டில் பிடிபடுகிற பந்து இங்கே வேலியைத் தாண்டிப் போய் விழும். அதனால் காற்றை எதிர்த்துப் போடுபவன் பேட்டுக்கு அடியில் போய்த் தூக்க வசதியான பந்தைப் போடவே கூடாது. தோளைத் தாழ்த்தி, பந்தைத் தரையோடு சறுக்கவிட்டு, ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் பாய்மரம் மாதிரி. ஜெத்ரோ கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம்.

"என்கிட்ட ஏற்கனவே ஒரு வேகப் பையன் இருக்கான்," என்றான் மராகா. "அவனுக்குக் காத்து முதுகுலதான் அடிக்கணும். ஜெத்ரோவும் அதே பக்கம் கேட்டா, ரெண்டு பேர்ல ஒருத்தனைக் கடல்ல மீன் பிடிக்கத்தான் அனுப்பணும்."

ராஸுக்குப் புரிந்தது. "சரி. அப்போ நாம ஆளுக்கு ஆள் தேடல, அந்த முனைக்கு ஆள் தேடறோம். டிகானாவை விட்டா இந்த நாட்டுல அந்த முனையில போட யாரு இருக்கா?"

மராகா தரையைப் பார்த்தான். நானும் தரையைப் பார்த்தேன்.

"என்ன, ரெண்டு பேரும் காசைத் தொலைச்ச மாதிரி பாக்கறீங்க?"

"ராகா," என்றேன்.

"அவன் கிரிக்கெட்டை விட்டுட்டான்னு நெனச்சேனே. டீம் எடுக்கறப்ப யாரும் அவன் பேரையே சொல்லல."

"விடல. அவங்க அப்பா செத்துட்டாரு."

"அது தெரியும். நானும்தான் சாவுக்கு வந்தேன். மூணு வாரம் ஆச்சே."

"ஆமா. மூணு வாரம்தான் ஆச்சு."

ராஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வரியான்னு யாராவது அவன்கிட்ட கேட்டீங்களா?"

"துக்கத்துல உட்கார்ந்திருக்கறவன்கிட்டப் போய் விளையாட வரியான்னு எப்படிக் கேக்கறது?" என்றான் மராகா.

"சரி, அவன் வர முடியாதுன்னு சொன்னானா?"

"தாடி வளர்த்துட்டு உட்கார்ந்திருக்கறவன் வரேன்னும் சொல்ல மாட்டான், வரலைன்னும் சொல்ல மாட்டான். அவன் வாயால அந்தப் பேச்சே வரக் கூடாது."

ராஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆக, நீங்க கேக்கல, அவன் சொல்லல. நான் பாட்டுக்கு அவன் இல்லாம டீமை எடுத்துட்டேன். நல்லா இருக்குய்யா உங்க மரியாதை!"

அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"அந்தத் துக்கத்தை யார் முடிச்சு வைக்கணும்? பாதிரியாரா?" என்று கேட்டார்.

"வீட்டு மாப்பிள்ளை," என்றேன். எங்கள் குடும்பங்களில் மகன் துக்கத்தில் உட்காருவான், மருமகன் உட்கார மாட்டான். அரிசி, வாழைக்காய், சேனை, பன்றி என்று ஓடியாடிக் கொண்டுவந்து போடுவது மருமகனின் வேலை. அவன் சோறு கொண்டுவந்து இறக்கி, மச்சானின் தாடியைத் தன் கையால் மழித்தால்தான் மச்சான் வெளியே வரலாம்.

"ராகாவுக்கு மாப்பிள்ளை முறை யாரு?"

நான் பிசியோவின் அறையைக் காட்டினேன். உள்ளே விலாவில் ஐஸ் பையோடு படுத்திருந்தவன்தான். டிகானாவின் மனைவி ராகாவின் அக்கா.

டிகானா சடங்கை மறுக்கவில்லை. இந்தப் போட்டிகள் முடியட்டும், பிறகு செய்கிறேன் என்று மாமியாரிடம் தவணை கேட்டிருந்தான். பந்தும் போட்டுக்கொண்டு பன்றிக்கும் அலைய முடியுமா? யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

"நான் போய்ப் பேசறேன்," என்று ராஸ் எழுந்தார்.

"உட்காருங்க. இது உங்க பேச்சு இல்ல."

நான் உள்ளே போனேன். டிகானா என் முகத்தைப் பார்த்தான், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை நாலே ஓவர்ண்ணே. ரெண்டு மாத்திரை போட்டா ஓடிடும்."

"எங்க, ஒரு தடவை இருமு பாக்கலாம்."

"எனக்கு இருமலே வரலையே."

"வராட்டிப் பரவால்ல, இருமு."

அவன் இருமவில்லை. விலாத் தசை கிழிந்தவனை இருமச் சொன்னால் போதும், வேறு பரிசோதனை வேண்டாம். அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நான் ஆடிய காலத்தில் என் மறுமுனையில் எட்டு வருடம் பந்து போட்டவன் அவன்.

"அடுத்த போட்டி ரெண்டு வருஷம் கழிச்சு," என்றான். "எனக்கு அப்போ முப்பத்தாறு. முப்பத்தாறு வயசுல காத்தை எதிர்த்து ஓடற ஆளை எவன் எடுப்பான்? இப்ப பேரை எடுத்துட்டா இன்னிக்குப் போட்டதுதான் கடைசிப் பந்து. அதுவும் வைடு."

உண்மையில் அது வைடுதான்.

"பேரை வெச்சிருந்தா மராகா உன்னை நீக்கச் சொல்ல மாட்டான்," என்றேன். "நீ கேட்டா நாங்க யாரும் மறுக்க மாட்டோம். சனிக்கிழமை காலையில தேறிட்டா ஆடு. தேறலைன்னா அந்த முனையில ரெண்டு ஸ்பின்னர் போட்டுச் சமாளிக்கணும். அதைத் தூக்கித் தூக்கி அடிப்பானுங்க. அது உனக்கும் தெரியும்."

"வேற யாரைப் பாக்கறீங்க?"

"ஜெத்ரோ."

"அவன் அந்த முனையில ஓடி வந்தா பின்னாடி போயிடுவான்."

"அதான்."

கொஞ்ச நேரம் ஐஸ் பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். ராகாவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, சடங்குக்கு நாள் குறிப்பது மாப்பிள்ளையின் உரிமை. அவனாகவே அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தபோது, "போங்கண்ணே, தூங்கணும்," என்றான்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னால் அரிசி மூட்டைகள், வாழைத்தார்கள், சர்க்கரை, மீன் டின் பெட்டிகள். டிகானா முன்னால் கோணலாக உட்கார்ந்திருந்தான்.

"என்னால தூக்க முடியல. வாங்க," என்றான்.

ராகாவின் ஊரான ஹனுவாபாடாவில் வீடுகள் கடலுக்குள் தூண்களின் மேல் நிற்கின்றன. வண்டி கரையோடு நின்றுவிடும், அதற்கப்புறம் பலகைப் பாலத்தில் நடக்க வேண்டும். மூட்டைகளை நானும் டிரைவரும் சுமந்தோம். டிகானா ஒரு வாழைத்தாரை வலது தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். வெறுங்கையோடு நுழைய முடியாது அல்லவா?

அவன் மாமியார் கோரி கறுப்பு உடையில் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பன்னி எங்க மாப்பிள்ளை?"

"வருது அத்தை. மேற்க இருந்து படகுல வரணும். சனிக்கிழமை வந்துடும்."

"பன்னிக்கு முன்னாடி மாப்பிள்ளை வந்து துக்கம் கழிக்கறதை இப்பத்தான் பாக்கறேன். உங்க பக்கத்துல எல்லாமே இப்படித்தானா?"

"எங்க பக்கத்துல பொண்ணு எடுக்கறப்பவும் பன்னி லேட்டுதான். அப்பவும் திட்டினீங்க."

உள்ளேயிருந்து பெண்கள் சிரித்தார்கள். கோரி சிரிக்கவில்லை. அவனை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே கேட்டார்.

"ஆட்டம் முடியட்டும், அப்புறம் செய்யறேன்னு சொன்னீங்க. சனிக்கிழமைதானே ஆட்டம்?"

"ஆமா."

"அப்போ இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"எனக்கு முடிஞ்சிடுச்சு அத்தை," என்றான் டிகானா.

அவர் அவன் விலாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் மூட்டையை இறக்கி வைப்பதில் மும்முரமாக இருந்தேன். எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் புருஷனும் ஒரு காலத்தில் பந்து போட்டவர்தான்.

"தம்பியைக் கூப்பிடு. தண்ணியும் கொண்டா," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

ராகா வந்து பலகையில் உட்கார்ந்தான். மூன்று வாரத் தாடி. டிகானா சோப்பைத் தடவினான், சவரக்கத்தியை வலது கையில் எடுத்தான். தாடையைப் பிடிக்க இடது கை மேலே வரவில்லை. பாதி தூரம் தூக்கிப் பார்த்து இறக்கிவிட்டான். ராகா தன் தாடையைத் தானே பிடித்துத் திருப்பிக் காட்டினான்.

"மச்சான்," என்றான் ராகா, பாதி மழித்த பிறகு. "நீ ஆடறதா இருந்தா நான் வரல."

"பேசாதே. கத்தி கழுத்துல இருக்கு."

"மூணு வாரமா பந்தைத் தொடல."

"கால் நல்லா இருக்கா?"

"வீட்டுக்குள்ளயே பஸ்கி போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ நாலு ஓவருக்குத் தாங்கும். அந்த முனையில நடுவுல ஒரு பள்ளம் விழுந்திருக்கு, அதுல கால் வைக்காம…"

"எனக்கே சொல்றியா? உனக்கு முன்னாடி அந்த முனையில போட்டவன் நான். நான் கை உடைஞ்சு உட்கார்ந்தப்பதான் நீ வந்து சேர்ந்த."

"வந்து சேர்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கலையே. திரும்பு, அந்தக் கன்னம்."

சாயங்காலம் போட்டிக் குழுவின் அறையில் டிகானா நேரில் வந்து கையெழுத்துப் போட்டான். பெயர் எடுத்தால் திரும்ப முடியாது என்று அங்கிருந்த அதிகாரி விதியை வாசித்துக் காட்டினார். டிகானா முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

சனிக்கிழமை லவுராபாடா வழக்கத்தைவிடப் பலமாக அடித்தது. ராகாவின் இரண்டாவது பந்தே நேராகத் தலைக்கு மேல் சிக்ஸர் போனது. மூன்று வாரம் சும்மா இருந்தவனுக்குப் பந்து குத்த வேண்டிய நீளம் உடனே பிடிபடாது. அதன்பின் பிடித்துக்கொண்டான். தோளைத் தாழ்த்தி, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். அவனுக்கு ஒரு விக்கெட்டும் விழவில்லை. இந்த முனையில் அடிக்க முடியாத பேட்ஸ்மேன்கள் அடுத்த முனைக்குப் போனதும் ஆத்திரத்தில் பேட்டை வீசினார்கள், அங்கே எங்கள் வேகப் பையனுக்கு நாலு விக்கெட். இந்த வேலையின் கணக்கு இப்படித்தான். நாங்கள் சிரமப்பட்டு ஜெயித்தோம், பரிசும் புகைப்படமும் அந்தப் பையனுக்கு.

மராகா கூட்டத்தில் டிகானாவைத் தேடிவிட்டு என்னிடம் கேட்டான். மைதானத்திலிருந்து ஊர் நடக்கிற தூரம்தான், நான் போய்ப் பார்த்தேன். கோரி வீட்டு நடையில் துக்க விருந்துக்காகப் பெண்களோடு உட்கார்ந்து, முட்டிகளுக்கு நடுவில் வாழைக்காயை இடுக்கி வலது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரேடியோ அணைந்திருந்தது.

"ராகா எத்தனை ஓவர் அந்த முனையில போட்டான்?" என்று கேட்டான். "ரேடியோக்காரன் முனையைச் சொல்லவே மாட்டேங்கறான்."

"நாலும்."

"நாலுமா? நடுவுல மாத்தச் சொல்லிக் கேக்கலையா?"

"கேக்கல."

டிகானா அடுத்த வாழைக்காயை எடுத்தான். "நான் மூணாவதுலயே கேட்டிருப்பேன்," என்றான். இடம் காட்டி என்னை உட்காரச் சொன்னான்.